சாரதி இல்லாத வண்டி

மேலூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் மதுரைக்குச் சரக்கு ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர்கள், சந்தையில் பாரத்தை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் இரவுகளில், வண்டியிலேயே வைக்கோலைப் பரப்பிப் படுத்து உறங்கிப்போவதை நம்மிடையே முதியோர் பலர் கண்டிருப்பர். வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். மூக்கணாங்கயிறு தளர்ந்து கிடக்கும். காளைகள் இரண்டும் தாமாகவே பாதையறிந்து, மேட்டில் இழுத்து, பள்ளத்தில் தாங்கி, வீட்டு வாசலில் வந்து நின்று பெருமூச்சு விடும்போதுதான் வண்டிக்காரர் கண் விழிப்பார். சாரதி உறங்க, வண்டி தானே வீடு சேரும் அதிசயம் நமக்குப் புதியதன்று. காளைகளுக்கு இறைவன் அளித்த கண்ணும் காதும் வழியறியும் நினைவும் இருந்தன. அவற்றை இரும்புக்கும் கம்பிக்கும் அளிக்க இயலுமா என்பதே, இன்று உலகெங்கும் பல்கலைக்கழக மாணவர்கள் தமக்குத் தாமே விடுத்துக்கொண்டிருக்கும் வினா.

இதை நாம் எழுதக் காரணமாயிருந்தவர் நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர். இருபத்தாறு ஆண்டுகளாகத் தூத்துக்குடிச் சாலையில் லாரி ஓட்டி வருகிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றபோது நம்மை மறித்துக் கேட்டார்: “ஐயா, என் மகன் என்ஜினீயரிங் காலேஜில் டிரைவரே இல்லாமல் ஓடுகிற வண்டி செய்கிறானாம். நான் ஸ்டியரிங் பிடித்த காசில்தான் அவன் படிக்கிறான். இது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நீங்கதான் சொல்லணும்.” கேள்வி நியாயமானது. உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. “விசாரித்துச் சொல்லுகிறோம்” என்று கூறி அனுப்பினோம். அப்படி விசாரித்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே வாசகர் முன் வைக்கின்றோம்.

பாலைவனத்தில் ஒரு பந்தயம்

ஆளில்லா வண்டிகளின் பந்தயம் என்றதும் அறிந்தோர் அனைவரும் முதலில் கூறுவது, அமெரிக்க நாட்டின் மொஹாவி பாலைவனத்தில் 2004-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் நடந்த ஓட்டத்தையே. அதை நடத்தியது டார்ப்பா எனப்படும் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பு. 2015-ஆம் ஆண்டுக்குள் தரைப்போர் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமன்றம் ஓர் இலக்கு விதித்திருந்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. ஆயினும் இந்த விளையாட்டின் தொட்டில் போர்க்களத்துக்கு அருகில்தான் கட்டப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பின்னால் இதைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

பந்தயத் தூரம் 142 மைல், அதாவது ஏறத்தாழ 229 கிலோமீட்டர். பரிசு பத்து லட்சம் டாலர். ஓட்டக்கோட்டுக்கு வந்து நின்றவை பதினைந்து வண்டிகள். அவற்றுள் ஒன்றேனும் முடிவுக்கு வந்து சேரவில்லை! அனைத்திலும் அதிகத் தூரம் சென்ற ‘சேண்ட்ஸ்டார்ம்’ என்ற வண்டி 7.4 மைல் ஓடி, ஒரு வளைவில் மண்மேட்டின்மேல் ஏறி வயிறு தட்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் சுழன்று சுழன்று ரப்பர் தீப்பற்றியது. பெர்க்கிலி நகர மாணவர் ஒருவர் ஆளில்லா மோட்டார் சைக்கிள் ஒன்றையே கொண்டுவந்திருந்தார். அதை விழாமல் நிறுத்தும் கருவியின் பொத்தானை அழுத்த மறந்துபோனதால், புறப்பட்ட இடத்திலேயே அது சாய்ந்து விழுந்தது. மாதக்கணக்கில் உழைத்து இறுதியில் ஒரு பொத்தானை மறப்பது மனித இயல்பு. தேர்வு மண்டபத்துக்குப் பேனா இல்லாமல் போன பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இது விளங்காததன்று.

சேண்ட்ஸ்டார்மைக் கட்டியவர்கள் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர்களும் ஆசிரியர்களும். தமிழ் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்தி இங்கே உண்டு. அப்பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆராய்ச்சி நிலையத்தை 1979-இல் நிறுவி, அதன் முதல் இயக்குநராய் இருந்தவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர் அவர். கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருது 1994-இல் அவருக்குக் கிடைத்தது. கிண்டியில் கட்டுமானப் பொறியியல் கற்ற கிராமத்து இளைஞர் ஒருவர் விதைத்த நிலையத்திலிருந்தே, அடுத்த ஆண்டே, அதாவது 1995-இல், இருவர் ஒரு வேனில் ஏறி அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தனர். ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர்ப் பயணத்தில் நூற்றுக்கு 98 பங்குத் தூரம் ஸ்டியரிங்கைத் திருப்பியது கணிப்பொறியே. பிரேக்கையும் வேகத்தையும் மட்டும் மனிதர் கவனித்துக்கொண்டனர்.

பாலைவனப் பந்தயம் மறு ஆண்டும் நடந்தது. 2005 அக்டோபர் 8-ஆம் நாள், 132 மைல் தூரம், இருபது லட்சம் டாலர் பரிசு. இறுதிச் சுற்றில் இருபத்துமூன்று வண்டிகள் இருந்தன. இம்முறை ஐந்து வண்டிகள் ஓடி முடித்தன! ஒன்றரை ஆண்டில் ஏழு மைலிலிருந்து நூற்று முப்பத்திரண்டு மைலுக்கு வந்துவிட்டார்கள். முதலில் வந்தது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’. 6 மணி 53 நிமிடத்தில் ஓடி முடித்தது.

ஸ்டான்லி வென்ற விதம் சுவையானது. அதன் கூரையில் ஐந்து லேசர் கருவிகள் இருந்தன. ஒளிக்கதிரை எறிந்து, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரே மேடா, பள்ளமா என்று அவை அளக்கும். ஆனால் அவற்றின் பார்வை ஏறத்தாழ இருபது மீட்டர் தூரத்துக்கே நம்பத்தக்கதாய் இருந்தது. அதை மட்டும் நம்பினால் வேகமாய் ஓட முடியாது. தொலைவில் பார்க்கக் காமிரா உண்டு. ஆனால் காமிராவுக்கு வண்ணம் தெரியுமே தவிர மேடு பள்ளம் தெரியாது. மாணவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? லேசர் ‘இது நல்ல பாதை’ என்று உறுதி சொன்ன அருகாமைத் தரையின் நிறம் எது என்று காமிரா கற்றுக்கொள்ளும். பின்பு தொலைவிலும் அதே நிறத்தைத் தேடி, அது தென்பட்டால் வேகம் கூட்டும். மண்ணின் நிறம் மாற மாற ஓடிக்கொண்டே புதிதாய்க் கற்றுக்கொள்ளும். தடவிப் பார்த்து அறிந்ததைக் கொண்டு தொலைவில் உள்ளதை ஊகிக்கும் இந்த வித்தை, நம் குழந்தைகள் தவழும் பருவத்தில் கற்பதுதான்.

அந்தப் பந்தயத்தில் முந்திக்கொண்டிருந்த கார்னகி மெலன் வண்டி ஒன்று, இன்ஜின் சக்தி குறைந்து நடுவழியில் தளர்ந்து, ஸ்டான்லியிடம் முதலிடத்தை இழந்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல், பழைய தோழர்கள் கூடி அந்த வண்டியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் உடல் தற்செயலாய் ஒரு சிறு மின்வடிகட்டியின்மேல் அழுந்த, இன்ஜின் நின்றுபோயிற்று. இருபது லட்சம் டாலரை இழந்ததற்கு ஒரு சிறு உதிரிப்பாகமே காரணம்!

பேரிழப்பில் ஒரு பேறும் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தை கத்ரீனா என்னும் பெரும் புயல் தாக்கியது. அம்மாநிலத்தைச் சேர்ந்த சிறு குழு ஒன்று, புயலுக்குப் பின் வந்து சேர்ந்து, தன் வண்டியை நான்காவதாய் ஓட்டி முடித்தது. வண்டியின் பெயரே ‘காட்-5’. பெரும் பல்கலைக்கழகங்களின் செல்வமெல்லாம் அவர்களிடம் இல்லை.

எலியும் மாசி வீதியும்

பாலைவனமும் கோடி ரூபாய் வண்டியும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாதவை. அவர்கள் தொடங்குவது வேறிடத்தில். வெள்ளை அட்டையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துச் செல்லும் சிறு வண்டி எந்தப் பொறியியற் கல்லூரி விழாவிலும் காணக்கிடைக்கும். வண்டியின் அடியில் இரண்டு மூன்று கண்கள் இருக்கும். அவை அகச்சிவப்பு ஒளியை விடும். வெள்ளைத் தரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். இடது கண் கறுப்பைக் கண்டால் இடது சக்கரம் மெதுவாகும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆயினும் எவ்வளவு மெதுவாக்குவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். அளவுக்கு மீறித் திருத்தினால் வண்டி குடித்தவன்போல் ஆடும். குறைவாய்த் திருத்தினால் வளைவில் கோட்டைவிட்டு ஓடும். புதிதாய்ச் சைக்கிள் பழகும் சிறுவனின் கையைக் கவனித்தோர் இதைப் புரிந்துகொள்வர்.

அடுத்த படி, ‘மைக்ரோமவுஸ்’ எனப்படும் எலிப்பந்தயம். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் இதழ் ஒன்று 1977-இல் இதை அறிவித்தது. 1979-இல் நியூயார்க்கில் இறுதிப் போட்டி நடந்தது. கட்டங்களாலும் சுவர்களாலும் ஆன சிக்கலான பாதையைத் தானே கண்டறிந்து கடக்க வேண்டும். அன்று வாசல் ஓரத்தில் இருந்ததால், அறிவே இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டே ஓடிய ஒரு பொறி எலி, சிந்திக்கும் எலிகளை முந்திவிட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் போட்டி நடந்தபோது, இலக்கை நடுவில் வைத்துவிட்டனர். சுவரைத் தடவுவோர்க்கு இனி வெற்றி இல்லை! இன்று இந்தப் பாதை பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டமும் 18 சென்டிமீட்டர். நம் நாட்டிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யின் டெக்பெஸ்ட் விழாவில் இப்போட்டி நடந்துள்ளது.

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பாதை அந்நியமாய்த் தோன்றாது. வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாய் அமைந்து நடுவை நோக்கும் நகரம் நம்முடையது. வெளி வீதியில் பஸ்ஸைவிட்டு இறங்கிய புதியவர் ஒருவர் நடுவை எப்படி அடைவார்? எலியின் மூளையில் மாணவர்கள் எழுதிவைக்கும் கணக்கு இது: நடுவிலுள்ள கட்டத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியதாய் எண்ணிக்கொள். தண்ணீர் வெளிப்பக்கமாய்ப் பரவுகையில், ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனையாவது படியில் அது நனைத்தது என்று எண்ணிட்டுக்கொள். பின்பு பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கி நட. வழியில் எதிர்பாராத சுவர் ஒன்று குறுக்கிட்டால், அதையும் சேர்த்துத் தண்ணீரை மறுபடி பாயவிடு. கண்மாயிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைக் கற்பிக்க அதிக நேரம் ஆகாது என்று நினைக்கின்றோம்.

பெரிய வண்டிகளைக் கட்டும் மாணவர்களும் நம் மாநிலத்தில் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் புதுமைக் கண்டுபிடிப்பு மையத்தில் ‘அபியான்’ என்னும் மாணவர் குழு ஆளில்லாத் தரை வண்டிகளைச் செய்கிறது. அக்குழு நாடும் களம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் நடந்துவரும் அறிவார்ந்த தரை வண்டிப் போட்டி. தரையில் வெள்ளைக் கோடுகள், இடையிடையே ஆரஞ்சு நிறப் பீப்பாய்கள், ஒரு சாய்மேடை. வண்டி ஒன்பது கிலோ பாரத்தைச் சுமந்துகொண்டு, பீப்பாய்களைத் தொடாமல், கோட்டைத் தாண்டாமல் செல்ல வேண்டும். வேகம் மணிக்கு 5 மைலைத் தாண்டக்கூடாது! நம் ரேக்ளா காளைகள் கேட்டால் சிரிக்கும். ஆனால் இந்த விதியின் அருமை நமக்குப் பின்னர் புரிந்தது. ஓட்டத்துக்கு முன் நடுவர்கள் சோதித்தே தீர வேண்டும் என்று வைத்திருக்கும் ஒன்று, வண்டி நிற்கிறதா என்பது. வண்டியின்மேல் ஒரு சிவப்புப் பொத்தான், தொலைவிலிருந்து அழுத்த இன்னொன்று. இவ்விரண்டும் சரியாய் வேலை செய்யாத வண்டிக்குக் களத்தில் இடமில்லை.

ஐரோப்பாவில் இது இன்னும் விறுவிறுப்பாய் நடைபெறுகின்றது. ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் நகரத்து மாணவர் கார்ப்பந்தயத்தில் 2017 முதல் ஓட்டுநர் இல்லாக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இடப்புறம் நீலக் கூம்புகள், வலப்புறம் மஞ்சள் கூம்புகள். அவற்றின் நடுவே பத்துச் சுற்று ஓட வேண்டும். முதலாண்டில் ஜூரிக் நகர மாணவர்கள் வென்றனர். நம் நாட்டு மாணவர்கள் தாமே கட்டிய கார்களை, ஓட்டுநரை அமர்த்தி, கோயமுத்தூரை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிக்காட்டும் ‘பார்முலா பாரத்’ போட்டியும் நடந்து வருகின்றது.

பெற்றோர்க்கு இடைக்குறிப்பாய் ஒன்று. போட்டிக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகள் பட்டறையிலேயே இரவைக் கழிப்பர். உறக்கமும் உணவும் கெடும். ஞாயிறு திருப்பலியையும் மறந்துவிடுவர். கண்டிக்கலாம், ஆனால் வேண்டாத வேலை என்று ஏளனம் செய்ய வேண்டாம். பெண் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்களும் ஒருமுறை நேரில் சென்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஓட்டுநரின் கேள்வி

இனி லாரி ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம்.

சாலையில் சாவோரின் கணக்கு நெஞ்சை உலுக்குவது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். உறங்காத, குடிக்காத, கோபம் கொள்ளாத சாரதி ஒன்று இருக்குமானால் இவற்றில் எத்தனை வீடுகளின் ஓலம் அடங்கும்! மாணவர்கள் கூறும் நியாயம் இதுவே. இதனை இலேசாய்த் தள்ளிவிட முடியாது.

ஆனால் இயந்திரமும் கொன்றிருக்கிறது. அமெரிக்காவின் டெம்பி நகரில் 2018 மார்ச் 18-ஆம் நாள் இரவு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர்மீது, ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த கார் மோதி அவர் உயிரிழந்தார். விசாரணையில் வெளிப்பட்டது கசப்பான உண்மை. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கருவிகள் அவரைக் கண்டிருந்தன. கண்டதை, வேறொரு வண்டி என்றும், இன்னதென்று தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தது கணிப்பொறி. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதப் பிறவி சாலையைக் கடக்கக்கூடும் என்று அதற்கு எவரும் எழுதிவைக்கவில்லை. கண்காணிக்க அமர்ந்திருந்தவரோ கைத்தொலைபேசியில் கண் வைத்திருந்தார். கடக்கும் கோட்டிலேதான் கடப்போம் என்று மதுரையில் எவர் கடக்கின்றனர்? அமெரிக்கத் தெருவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் தெரு விளங்காது என்பதால்தான், ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் நம் சாலைகளின் பத்தாயிரம் படங்களைத் தொகுத்து வெளியிட்டனர். ஆட்டோ ரிக்ஷா, விலங்கு என்று அதில் தனித்தனி இனங்கள் உண்டு.

வேலை என்னாகும் என்பது அடுத்த கேள்வி. ஓட்டுநர் இல்லாக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டோம், ஓட்டுநர்களின் பிழைப்புப் போய்விடும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலும் மறுபடி 2023-இலும் தெளிவாகக் கூறியிருக்கிறார். அது ஒரு காப்பு. ஆனால் வாயிலை அடைத்தே எக்காலமும் காத்துவிடலாம் என்று நாம் நம்பவில்லை. வேறொரு நினைவு நமக்கு வருகின்றது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷா தமிழ்நாட்டில் 1973-இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்த அரசு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்களை இலவசமாய் வழங்கியது. ஒரு தொழில் மறைந்தது, தொழிலாளி மறையவில்லை. இதை இயந்திரம் செய்துவிடவில்லை, மனிதர்கள் கூடி முடிவெடுத்துச் செய்தனர்.

திருச்சபை இந்தக் கேள்வியை இன்று நேற்றுக் கேட்கத் தொடங்கவில்லை. நம் முன்னோர் ‘சிங்கராயர்’ என்று தமிழாக்கி வழங்கிய லியோ என்னும் பெயரைக் கொண்ட பதின்மூன்றாம் திருத்தந்தை, 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் ஆலைத் தொழிலாளியின் கூலியையும் ஓய்வையும் பற்றிப் பேசினார். 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ மடலில், உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று விளக்கி, மனிதனுக்குத் துணையாய் வந்த தொழில்நுட்பம் அவனுக்கே எதிராளியாய் மாறிவிடலாம் என்றும் எச்சரித்தார். 2024 ஜூன் 14-ஆம் நாள் இத்தாலியில் கூடிய ஜி-7 நாடுகளின் தலைவர்கள் முன் திருத்தந்தை பிரான்சிஸ் உரையாற்றி, மனித உயிரை எடுக்கும் முடிவை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்கலாகாது என்று வற்புறுத்தினார். பாலைவனப் பந்தயத்தின் தொட்டிலைப் பற்றி மேலே கூறினோமே, அங்கேதான் இச்சொல் போய் இறங்குகின்றது. 2025 மே மாதம் தேர்வு பெற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, இரண்டு நாள் கழித்துக் கர்தினால்மாரிடம் பேசுகையில், தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணமாய்ப் பதின்மூன்றாம் லியோவையும் அவருடைய அச்சுற்றுமடலையும் குறிப்பிட்டு, செயற்கை அறிவு என்னும் மற்றொரு தொழிற்புரட்சி இன்று நம்முன் நிற்பதை நினைவூட்டினார்.

இவற்றையெல்லாம் லாரி ஓட்டுநரிடம் கூறினோம். அமைதியாய்க் கேட்டுக்கொண்டார். பின்பு, “அதெல்லாம் சரிங்க ஐயா. ஒரு தடவை நேரில் வந்து பாருங்க” என்றார். அவரும் அதுவரை பார்த்ததில்லை.

கண்மாய்க் கரையில்

ஒரு சனிக்கிழமை மாலை, நகருக்கு வெளியே கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் அந்த வண்டியைக் கண்டோம். முழங்கால் உயரம். நான்கு சக்கரங்கள், அடியில் பாட்டரி, நெற்றியில் காமிரா, மூக்கில் சுழலும் சிறு லேசர், முதுகில் பெரிய சிவப்புப் பொத்தான். ஆறு மாணவர்கள், அவர்களுள் இருவர் பெண்கள். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பீப்பாய்க்குப் பதில் பெயின்ட் டப்பாக்களை வைத்திருந்தனர்.

முதல் ஓட்டத்தில் வண்டி பத்தடி சென்று நின்றது. எதிரே ஒன்றுமில்லை. பனைமரத்தின் மாலை நிழல் குறுக்கே நீண்டு கிடந்தது. அதைத் தடை என்று எண்ணிக்கொண்டது காமிரா. மாணவர்கள் கணிப்பொறியின்முன் குனிந்து அரைமணி நேரம் போராடினர். நிழலுக்கு உயரமில்லை என்று லேசர் கூறுவதைக் காமிரா கேட்கும்படி செய்துவிட்டனர். இரண்டாம் ஓட்டம் நன்றாய்ப் போயிற்று. மூன்றாவதில் ஆட்டுமந்தை வந்தது.

முன்னே வந்த ஆடு கோட்டைத் தாண்டியது. வண்டி நின்றது. ஆடு கடந்ததும், பாதை வெறுமையாயிற்று என்று கண்டு வண்டி புறப்பட்டது. அதே நேரம் இரண்டாவது ஆடு குறுக்கே பாய, மாணவி ஒருத்தி ஓடிச்சென்று சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஆட்டின்மேல் படவில்லை. ஆனால் ஆட்டுக்காரர் நம்மையெல்லாம் நோக்கிக் கூறியவற்றை இப்பக்கத்தில் அச்சிட இயலாது.

இதுவரை கைகட்டி நின்றிருந்த தந்தை அப்போதுதான் முன்வந்தார்.

“ஏப்பா, ஒரு ஆடு போனா அதோட முடிஞ்சுதுன்னு உனக்கு யார் சொன்னது? முதல் ஆடு போறப்ப கிளட்ச்சை விடவே கூடாது. பின்னால வருதான்னு பார்க்கணும். ஆட்டுக்காரன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு பார்க்கணும். அவன் இந்தப் பக்கமே நின்னா இன்னும் ஆடு வரப்போவுதுன்னு அர்த்தம். மாடு அப்படியில்ல. மாடு பாதி ரோட்டில நின்னு யோசிக்கும்.”

மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். “மெதுவாச் சொல்லுங்கப்பா” என்றான்.

நாய் எப்படித் திரும்பி ஓடிவரும், பந்து உருண்டால் பின்னால் யார் வருவர், மழை பெய்த சாலையில் தேங்கிய நீரின் ஓரம் எப்படிப் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், சைக்கிளில் பின்னால் குடம் கட்டியவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவர் கூறிக்கொண்டே போனார். இருட்டும்வரை நோட்டில் ஐந்து பக்கம் நிறைந்தது. ஒரு மாணவி நடுவில் குறுக்கிட்டு, “அங்கிள், எத்தனை நொடி காத்திருக்கச் சொல்லலாம்?” என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி, ஸ்டியரிங்மேல் விரலால் தட்டுவதைப்போல் காற்றில் தட்டி எண்ணிப் பார்த்து, “ஏழு” என்றார்.

அடுத்த வாரமும் சென்றோம். அதே மந்தை, அதே ஆட்டுக்காரர், இம்முறை சற்று எச்சரிக்கையோடு. முதல் ஆடு கடந்தது. வண்டி நின்றது. இடைவெளி விழுந்தது. வண்டி அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் கடந்தன, பின்னர் கூட்டமாய் எல்லாம் கடந்தன. கடைசியாய் நொண்டிக் குட்டி ஒன்று தனியே வந்து, நடுவில் நின்று வண்டியின் மூக்கை முகர்ந்துவிட்டுப் போயிற்று. நம் பக்கத்தில் நின்ற ஓட்டுநரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபிக்கிறாரோ என்று முதலில் நினைத்தோம். நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.